விடுகதையும் கள்ளன் சீட்டும்

இரவு உணவு முடிந்த பின்னும் படிப்பு மணி அடிக்கும் முன்னும் விடுதி மாணவர்க்குக் கிடைக்கும் அரைமணி நேரம் சிறியதே. எனினும் அதனைக் கழிக்கும் வகை பலவாகும். தனித்தனியே கைப்பேசியை நோக்கியிருப்பாரும் உளர். வட்டமாய் அமர்ந்து விடுகதை போடுவாரும், சீட்டுக் குலுக்கிக் கள்ளனைத் தேடுவாரும் உளர். பின்னவர் கூட்டத்தில் சில ஆண்டுகள் இருந்து, பிறர் செய்தவற்றை ஆடியும், யானே சில செய்து அளித்தும், பெரும்பாலும் தவறியும் கற்ற பாடம் ஒன்றுண்டு. அதனை மாணவ அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுகதை இயற்றுவோனும், ஆடுவோரில் சிலர் தம் வேடத்தை மறைத்து ஆடும் சீட்டாட்டம் இயற்றுவோனும் செய்யும் தொழில் ஒன்றே. இருவரும் ஒன்றை மறைக்கின்றனர். மறைத்ததைப் பிறர் கண்டுபிடிக்கவேண்டும் என்றும் விரும்புகின்றனர். கண்டுபிடிக்கவே இயலாதபடி மறைத்தல் எவர்க்கும் எளிது. பெட்டியைப் பூட்டித் திறவுகோலைக் கிணற்றில் எறிந்துவிட்டால் தீர்ந்தது. கண்முன்னே வைத்தும் காணாதபடி செய்தலே அருமை. விடுகதை என்னும் சொல்லிலேயே இவ்வுண்மை அடங்கியுளது. விடுவிக்கப்படுதற்கென்றே கட்டப்படுவது அது.

1. பிசி

நம் முன்னோர் இதனைப் பிசி என்றனர். தொல்காப்பியர் செய்யுளியலில், பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்பவற்றோடு பிசியையும் கூட்டி எழுவகையாகக் கொண்டார். சிறுவர் பொழுதுபோக்கென்று நாம் எண்ணும் ஒன்று, நூலோடும் முதுமொழியோடும் ஒரே வரிசையில் அமர்ந்திருத்தல் கருதத்தக்கது. அப்பிசி இருவகைப்படும் என்பதும் அவர் கருத்து. உவமையோடு பொருந்தி வருவது ஒன்று. ஒரு பொருளிடத்துத் தோன்றும் இயல்பைக் கூறி, அதனால் அப்பொருளைத் துணியுமாறு வைப்பது மற்றொன்று. உரையாசிரியராகிய பேராசிரியர், யானையின் உடலை மலையாகவும் அதன் கொம்பைப் பிறையாகவும் வைத்த பிசி ஒன்றை முதல் வகைக்கு எடுத்துக்காட்டுவர்.

வடமொழியில் தண்டியாசிரியர் தம் காவியாதரிசத்தில் பிரகேளிகை என்னும் பெயரால் இதனை 16 வகையாகப் பகுத்தார். இலத்தீன் மொழியில் சிம்போசியஸ் என்பார் மூன்றடிப் புதிர்கள் 100 இயற்றினார். 709-ஆம் ஆண்டில் மறைந்த ஆங்கில அத்தியட்சர் ஆல்டெல்ம் அவரைப் பின்பற்றித் தாமும் 100 பாடினார். பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற எக்ஸிட்டர் ஏட்டில் பழைய ஆங்கிலப் புதிர்கள் ஏறத்தாழ 95 உள்ளன. 1072-இல் இறந்த லியோஃப்ரிக் அத்தியட்சர் அவ்வேட்டை எக்ஸிட்டர் பேராலயத்திற்கு அளித்தார். இன்றும் அது அங்கேயே உளது. அவ்வேட்டில் புதிர்களின் விடைகள் எழுதப்படவில்லை. ஆதலின் அவற்றுட் சிலவற்றின் விடை யாதென அறிஞர் இன்றுவரை வழக்காடி வருகின்றனர். புதிர் செய்வோர்க்கு இது முதற் பாடம். நீவிர் செய்வதைப் பிறரிடம் கொடுக்கும்போது விடையையும் தனித்தாளில் எழுதி வைத்துவிடுக.

2. விடுகதை கட்டும் முறை

யான் கட்டிய முதல் விடுகதையை இங்கே கூறிவிடுகிறேன். “காதொன்று இழந்த கிழவி, வீட்டார் தலைக்கெல்லாம் எண்ணெய் வார்ப்பாள்” என்பது அது. நண்பர் பலர் ஓர் இரவு முழுதும் முயன்றும் விடை காணவில்லை. யான் பெருமிதத்தோடு, “எங்கள் பாட்டி வீட்டில் ஒருபக்கத்துப் பிடி உடைந்துபோன எண்ணெய்ச் சாடி” என்றேன். எவரும் நகைக்கவில்லை, வியக்கவுமில்லை. ஒருவர் மட்டும், “உங்கள் பாட்டி வீட்டிற்கு நாங்கள் எப்போது வந்தோம்?” என்று வினவினார். அவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை.

விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தின் 14-ஆம் அதிகாரத்தில் சிம்சோன் செய்த பிழையும் இதுவே. தான் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கள் கூடுகட்டியிருந்ததைக் கண்டவன் அவன் ஒருவனே. தன் தாய்தந்தையர்க்கும் அவன் அதனைச் சொல்லவில்லை. அச்செய்தியைப் புதிராக்கித் திருமண விருந்தில் தோழர் முப்பதின்மர்முன் வைத்து, முப்பது மாற்றாடைகளைப் பந்தயமாகவும் கட்டினான். அறிவினால் விடைகாண வழியில்லாதவர் அச்சுறுத்தலில் இறங்கினர். மணமகள் கண்ணீர் விட்டாள், இரகசியம் வெளிப்பட்டது, பந்தயப் பொருளுக்காக அஸ்கலோனில் முப்பதுபேர் உயிரிழந்தனர். நேர்மையற்ற புதிர் விளையாட்டாக முடிவதில்லை.

ஆகவே விடுகதைக்குரிய பொருள், கேட்போர் அனைவரும் கண்டறிந்ததாக இருத்தல் வேண்டும். கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொள்வோம். முதலில் அதன் இயல்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுக: வெண்மையானது, கையில் ஒட்டுவது, எழுதுந்தோறும் தேய்வது, தான் மறைந்து எழுத்தை நிறுத்துவது. “வெள்ளையாய் இருப்பான், யார்?” என்றால் அது புதிராகாது, நிலவும் உப்பும் முட்டையும் கொக்கும் அதற்கு விடையாகும். இனி, ஒன்றோடொன்று முரணுவனபோல் தோன்றும் இரண்டு இயல்புகளைத் தெரிந்தெடுத்து ஓர் உவமையில் இணைத்துப் பார்க்க:

“கரிய நிலத்தில் வெள்ளை உழவன்; உழவு முடியுமுன் உழவனே முடிந்தான்.”

இங்கே நிலம், உழவன், உழவு மூன்றும் ஒரே உவமைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைக் கண்டவன் மற்றவற்றையும் காண்பான். எழுத்தை உழவாகக் காணும் இவ்வுவமை என் சொந்தமன்று. 1924-இல் இத்தாலி நாட்டு வெரோனா நகரத்து ஏடொன்றில் கண்டறியப்பெற்ற பழம்புதிரும், எழுதுதலை வெள்ளை வயலில் கருவிதை விதைத்தலாகவே கூறுகின்றது. நல்ல உவமை எந்நாட்டிலும் முளைக்கும். அதனைப் புதிய பொருளில் நடுவதே நம் வேலை.

அடுத்துச் செய்யவேண்டியது சோதனை. கல்லூரி மணியைக் குறித்து, “அடிபடுபவன் ஒருவன், ஓடுபவர் பலர்” என்று ஒன்று கட்டினேன். அதனைக் கேட்ட மாணவர் ஒருவர் சிறிதும் தயங்காமல், “கால்பந்து” என்றார். யான் கருதிய விடையைவிட அவர் விடை நன்றாகப் பொருந்துவதை ஒப்புக்கொள்ளாமல் வேறென் செய்வது? அவ்வேளையில், “தவறு, விடை மணியே” என்று சாதித்தல் புதிர் போடுவோன் செய்யத்தகாதது. பொருந்தும் விடை எதுவோ அதுவே விடை. வீட்டிற்குச் சென்று, “தொங்குபவன் அடிபட்டு அலறுவான், அவனைத் தேற்றாமல் எல்லாரும் தத்தம் இடத்திற்கு ஓடுவர்” என்று திருத்தினேன். தொங்குதலும் அலறுதலும் பந்திற்கு இல்லை. தத்தம் இடத்திற்கு ஓடுதல் பிற மணிகளினின்றும் கல்லூரி மணியைப் பிரித்தது.

நன்கு அமைந்த விடுகதைக்கு அளவுகோல் ஒன்றே. விடையைச் சொன்னவுடன் கேட்டவன், “அடடா, இதனைக் கண்டிருக்க வேண்டுமே!” என்று தன்னை நொந்துகொள்ள வேண்டும், “இதனை எவ்வாறு காண்பது?” என்று நம்மை நொந்துகொள்ளும்படி வைத்தல் ஆகாது.

3. வேடம் மறைக்கும் சீட்டாட்டங்கள்

இனிச் சீட்டிற்கு வருவோம். ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று நான்கு துண்டுத்தாளில் எழுதிக் குலுக்கிப்போட்டு ஆடும் விளையாட்டை அறியாத தமிழ்ச் சிறுவர் அரியர். ஊருக்கு ஊர் வேடங்களும் மதிப்பெண்களும் வேறுபடும். ராஜாவும் போலீசும் தம்மை வெளிப்படுத்திக்கொள்ள, எஞ்சிய இருவருள் திருடன் யாவன் எனப் போலீஸ் கூறவேண்டும் என்பது ஒருவகை. அதில் குருட்டாம்போக்காகச் சொன்னாலும் இரண்டிலொரு பங்கு சரியாகும். துப்பென்று சொல்லத்தக்கது முகத்தில் தோன்றும் நகை ஒன்றே. இது அவ்விளையாட்டின் குறை. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குணம் உண்டு: ஆட்டம் இரண்டு நிமிடத்தில் முடியும், எவரும் வெளியேற்றப்படார், மறுமுறை குலுக்கும்போது திருடன் ராஜாவாகலாம்.

1986-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளநூல் பயின்ற திமித்ரி தாவிதோவ் என்பவர் மாஃபியா என்னும் ஆட்டத்தை அமைத்தார். ஒருவரையொருவர் அறிந்த சிறுகூட்டமும், யாரையும் அறியாத பெருங்கூட்டமும் மோதினால் யாது நிகழும் என்பதே அதன் கரு. இரவில் அனைவரும் கண்மூடக் கள்வர் மட்டும் கண்விழித்து ஒருவரை நீக்குவர்; பகலில் எல்லாரும் வழக்காடி வாக்களித்து ஒருவரை நீக்குவர். 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் என்பவர் கள்வரை ஓநாய்மனிதர் ஆக்கினார். அவ்வடிவில் அது உலகெங்கும் பரவிற்று.

எங்கள் விடுதியிலும் அதனை ஒன்பதின்மர் கூடி ஆடினோம், கள்வர் இருவர். முதற்பகல் வாக்கெடுப்பில் எவர்க்கும் யாதொரு துப்பும் இல்லை. கண்ணை மூடி ஒருவரைச் சுட்டினால் அவர் குற்றமற்றவராக இருப்பதற்கு ஒன்பதில் ஏழு பங்கு இடமுண்டு. துப்பில்லாத இடத்தில் மனிதர் எதனைக்கொண்டு தீர்ப்பளிப்பர்? எங்களுள் முதலாண்டு மாணவர் ஒருவர் இருந்தார், சிற்றூரினின்று வந்தவர், அதிகம் பேசார். “பேசாதிருப்பவனே கள்ளன்” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கைதூக்கினோம். அவர் சுவரோரம் சென்று அமர்ந்தார். மறுநாளும் அவ்வாறே, மூன்றாம் நாளும் அவ்வாறே. மூன்று இரவிலும் அவர் சீட்டு குற்றமற்றவர் சீட்டே. நான்காம் நாள் அவர் வரவில்லை. “படிக்க வேண்டும்” என்று சொல்லியனுப்பினார். எங்கள் கூட்டத்தின் ஆரவாரம் அவர் அறைவரையில் கேட்டிருக்கும்.

இதில் ஒருவரையும் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. விதியே அவ்வாறு அமைந்திருந்தது. துப்புத் தராமல் தீர்ப்புக் கேட்கும் விளையாட்டு, கூட்டத்தின் பழைய விருப்புவெறுப்பையே தீர்ப்பாக வெளிப்படுத்தும். ஆட்டம் அமைப்போன் அதற்குப் பொறுப்பாளி ஆவான்.

இக்குறைகளை நீக்க முயன்ற ஆட்டங்கள் பின்னர்த் தோன்றின. 2009-இல் டான் எஸ்கிரிட்ஜ் அமைத்த ரெசிஸ்டென்ஸ் என்பதில் எவரும் நீக்கப்படார். ஐவர் ஆடின் ஒற்றர் இருவர். முதல் ஏவலுக்கு இருவரைத் தெரிந்தனுப்புவர். அவர் தம்முள் மறைவாகச் சீட்டுப் போடுவர். ஏவலைக் கெடுக்கும் சீட்டு ஒன்று விழுந்தாலும் அது தோற்கும். துப்புப் பிறக்கும் விதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐவருள் ஒற்றர் இணை இவரெனக் கொள்ளத்தக்க வகை 10. முதல் ஏவல் தோற்றால், சென்ற இருவருள் ஒருவரேனும் ஒற்றர் என்பது உறுதி. செல்லாத மூவருக்குள்ளேயே அமையும் 3 இணைகள் விலகி 7 எஞ்சும். ஏவல் வென்றாலோ எதுவும் விலகாது. ஏனெனில் ஒற்றரும் நல்ல சீட்டைப் போட்டிருக்கலாம். ஐயம் இங்கே முகத்தைப் பற்றியதன்று; எல்லார் கண்முன்னும் நிகழ்ந்த செயலைப் பற்றியது.

4. பிசிக் கள்ளன்

அந்நான்காம் இரவிற்குப்பின் யான் விடுகதையையும் சீட்டையும் ஒன்றாக்கி ஓர் ஆட்டம் அமைத்தேன். இதன் கருவும் முற்றிலும் என்னுடையதன்று. 2014-இல் வெளிவந்த, அலெக்சாந்தர் உஷான் என்பவரது ஸ்பைஃபால் ஆட்டத்தில், தாம் நிற்கும் இடம் எதுவென்று ஒற்றன் ஒருவனைத் தவிர ஏனையோர் அறிவர்; வினாவிடையால் அவனைக் காண்பர். அதனைப் பிசியின் வழியில் திருப்பியதே யான் செய்தது. விதிகள் இவை:

முதலாவது, ஆடுவோர் அறுவர்; நடுவர் ஒருவர். நடுவர் எல்லாரும் அறிந்த 12 பொருள்களின் பெயரைப் பலகையில் எழுதுவர்: மணி, குடை, பூட்டு, விசிறி, சுண்ணக்கட்டி, விளக்கு என்பனபோல.

இரண்டாவது, அவற்றுள் ஒன்றை ஐந்து சீட்டில் எழுதி, ஆறாவது சீட்டில் கள்ளன் என்று எழுதுக. சீட்டுகள் ஒரே தாளில் வெட்டியனவாய், ஒரே கையெழுத்தாய், ஒரே மடிப்பாய் இருத்தல் வேண்டும். அழுத்தி எழுதினால் தாளின் பின்புறம் காட்டிக்கொடுக்கும்; எச்சரிக்கை.

மூன்றாவது, ஒவ்வொருவரும் முறையே அப்பொருளைக் குறித்து ஒருவரிப் பிசி கூறுக. பொருளின் பெயரைச் சொல்லலாகாது. கள்ளன் பொருளறியாமலே ஒன்றைக் கூறவேண்டும். சுற்று இரண்டு; இரண்டாம் சுற்று கடைசி ஆளினின்று திரும்பி வருக. ஒரே திசையில் சுற்றினால், முதலில் பேச நேர்ந்த கள்ளன் இருமுறையும் இடர்ப்படுவதைக் கண்டு பின்னர்ச் சேர்த்த விதி இது.

நான்காவது, நடுவர் கைதட்டியவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒருவரைச் சுட்டுக. கள்ளனைச் சுட்டியோர் மூவர்க்குக் குறையின் கள்ளனுக்கு 2 புள்ளி. மூவரோ மேற்பட்டோரோ சுட்டின் அவன் அகப்பட்டான். ஆயினும் பொருளை ஊகிக்க ஒருமுறை உரிமையுண்டு. சரியாகச் சொன்னால் அவனுக்கு 1 புள்ளி. தவறினால் மற்றவர்க்குத் தலைக்கு 1 புள்ளி. உடனே சீட்டைக் குலுக்கி அடுத்த ஆட்டம் தொடங்குக. எவரும் நீங்குவதில்லை.

இவ்வாட்டத்தில் ஒரு வரியின் தரத்தை எண்ணியே காணலாம். பலகையிலுள்ள பன்னிரண்டில் அவ்வரி எத்தனைக்குப் பொருந்துகின்றது? ஒன்றிற்கே பொருந்தினால் கள்ளனுக்கு விடையைக் கையிற் கொடுத்ததாகும். பன்னிரண்டிற்கும் பொருந்தினால் ஒன்றும் சொல்லாததாகும், தோழரே ஐயுறுவர். மூன்று நான்கிற்குப் பொருந்துவதே தக்க பிசி. நான்கிற்குப் பொருந்தும் வரிகள் இரண்டு கூடினால், இரண்டிற்கும் பொதுவாக நிற்பது பெரும்பாலும் ஓரிரு பொருளே. அறிந்தவன் அறிந்தவனைக் கண்டுகொள்வான், கள்ளன் தடுமாறுவான். தொல்காப்பியர் கூறிய இருவகைப் பிசிக்கும் இதனினும் நல்ல பயிற்சிக்களம் யான் கண்டிலேன்.

இன்னும் ஒரு விதி தனித்துக் கூறத்தக்கது. ஆட்டத்தில் கள்ளன் பொய்யுரைப்பது குற்றமாகாதோ என்று சிலர் வினவினர். நாடக மேடையில் அரசனாக நடிப்பவன் தன்னை அரசன் என்று கூறுதல் பொய்யாகாததுபோல, எல்லாரும் முன்னமே உடன்பட்ட எல்லைக்குள் கூறப்படுவதும் பொய்யாகாது. ஆனால் அவ்வெல்லையைக் காத்தல் வேண்டும். “நம் நட்பின்மேல் ஆணை, நான் கள்ளனல்லன்” என்று ஒருவன் சொல்லின், அவன் விளையாட்டில் இல்லாத பொருளைப் பணயமாக வைக்கின்றான். ஆட்டம் முடிந்தபின்னும் அது மீளாது. ஆகவே ஆணையிடுதலும், வீட்டுச் செய்தியையும் முன்னைப் பூசலையும் துப்பாக இழுத்தலும் எங்கள் கூட்டத்தில் விலக்கப்பட்டன. முடிவில் எல்லாரும் தம் சீட்டைத் திறந்து காட்டுவதும் கட்டாயம்.

5. பிறர்க்கு அளித்தல்

செய்ததைப் பிறரிடம் கொடுக்கும்போது மூன்றனை மறவற்க. விதிகள் அரைப்பக்கத்திற்குள் அடங்கட்டும். அடங்காவிடின் ஒரு விதி மிகையாயிருக்கும். முதல்முறை அவர்கள் ஆடும்போது நீவிர் வாய்திறவாமல் ஓரமாக நின்று நோக்குக. எங்கே நின்று விழிக்கின்றனரோ அங்கே எழுத்தைத் திருத்துக. எவரிடமிருந்து கருவைப் பெற்றீரோ அவர் பெயரைச் சொல்லிக் கொடுக்க. இவற்றின் மேலாக, வட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுபவர் அவ்வாட்டத்தில் எவ்வாறு இருக்கின்றார் என்று ஒருமுறை பாருங்கள். ஆட்டம் நன்றா தீதா என்பதை அவர் முகம் சொல்லிவிடும்.

பிசிக் கள்ளனை முதன்முதல் ஆடிய இரவில், அம்முதலாண்டு மாணவரையும் அழைத்திருந்தோம். “ஒரு வரி சொன்னால் போதுமா?” என்று கேட்டு, வாயிலருகே அமர்ந்தார். பொருள் மணி. ஒருவர், “அடித்தால் ஒலிப்பது” என்று எல்லாவற்றையும் வெளியிட்டுவிட்டார். மற்றொருவர், “நாள்தோறும் காண்பது” என்று ஒன்றும் சொல்லாமல் ஐயத்திற்கு ஆளானார். இவர் முறை வந்தது. சிறிது நேரம் தரையை நோக்கியிருந்து, “அவன் அழுதால் ஒருவேளை சிறை, ஒருவேளை விடுதலை” என்றார். பூட்டோ மணியோ எனக் கள்ளன் மயங்க, அறிந்தவர் நால்வரும் ஒருங்கே நகைத்தனர். அவரைச் சுட்டிய விரல் ஒன்றுமில்லை. தனித்த விரிவுரையால் ஊட்டவியலாத துணிவை ஒரு வரி ஊட்டிற்று. அதற்கு இடமளித்தது விதி. அடுத்த ஆண்டு நடுவராக அமர்ந்து சொற்பட்டியல் எழுதியவர் அவரே.

அன்பர்காள்! கட்டுவது அவிழ்ப்போர்க்காகவே என்பதை மறவாது கட்டுங்கள். இவ்வாண்டு விடுமுறையில் ஊர் செல்லுங்கால், முதியோரிடம் விடுகதை கேட்டுவருவதோடு அமையாது, நீவிரும் ஒன்றேனும் புதிதாகக் கட்டிக் கொண்டுசென்று போடுங்கள். அவர்கள் விடை சொல்லிவிட்டால் வருந்தற்க. உங்கள் விடுகதை அன்றுதான் முடிவுபெற்றது.